ரேமில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கும்போதே "நினைவகம் குறைவு" என்ற எச்சரிக்கை வருவது ஏன்?

வினாத்தாள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மேசைக் கணினி இரண்டு மாதங்களாக ஒரு தொல்லையைத் தந்துகொண்டிருக்கிறது. மாலையில் என் மகள் உலாவியில் காணொளிப் பாடத்தை ஓடவிட்டு, அதனுடன் பாடநூல்களின் பிடிஎஃப் கோப்புகள் நான்கைந்தையும் திறந்து வைத்தால், கணினியில் நினைவகம் குறைவாக இருப்பதாகவும் கோப்புகளைச் சேமித்துவிட்டுச் சில நிரல்களை மூட வேண்டும் என்றும் கூறும் பெட்டி ஒன்று திரையில் வந்து நிற்கிறது. சென்ற வாரம் அந்தப் பெட்டியை நான் பொருட்படுத்தாமல் இருந்துவிட்டேன். சற்று நேரத்தில் வேர்டு தானாக மூடிக்கொண்டது. தட்டச்சு செய்து வைத்திருந்த பத்தாம் வகுப்பு அறிவியல் வினாத்தாளில் ஒரு மணி நேர உழைப்பு போய்விட்டது.

கணினியின் விவரம்: விண்டோஸ் 11, ஏஎம்டி ரைசன் 3 செயலி, 8 ஜிபி ரேம். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. சி டிரைவ் 120 ஜிபி எஸ்எஸ்டி, டி டிரைவ் 1 டிபி ஹார்டு டிஸ்க். ஆன்டிவைரஸ் சோதனையில் எதுவும் அகப்படவில்லை. கடைக்காரர் ரேமைக் கூட்டினால் சரியாகிவிடும் என்கிறார். ஆனால் எச்சரிக்கை வரும் அதே நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் நினைவகம் 66 விழுக்காடுதான் பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டுகிறது. இருக்கும் ரேமையே முழுதாகப் பயன்படுத்தாத கணினிக்கு இன்னும் ரேம் வாங்கிக் கொடுப்பதில் என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மலைக்கோட்டை

வணக்கம் அம்மா. இது விர்ச்சுவல் மெமரி, அதாவது ரேமுக்குத் துணையாக டிஸ்கில் ஒதுக்கும் இடம், போதாததால் வரும் எச்சரிக்கை. ரேமைப் போல் ஒன்றரை மடங்கைத் தொடக்க அளவாகவும், மூன்று மடங்கை உச்ச அளவாகவும் வைக்க வேண்டும் என்பது கணக்கு. உங்கள் 8 ஜிபிக்கு எம்பி கணக்கில் 12288, 24576 என்ற இரண்டு எண்களைக் கொடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து நான் இப்படித்தான் செய்து வருகிறேன், இதுவரை பழுது வந்ததில்லை.

பழுதுபார்ப்பவன்

நண்பர் மலைக்கோட்டை நோயைச் சரியாகவே சொல்லியிருக்கிறார். மருந்தின் அளவில்தான் எனக்கு உடன்பாடில்லை. எக்ஸ்பி தானாகவே ஒன்றரை மடங்கில் தொடங்கி மூன்று மடங்கு வரை போகும்படி அமைந்திருந்தது உண்மை. 512 எம்பி ரேம் இருந்த அந்நாளில் அது 768 எம்பியில் தொடங்கி 1536 எம்பியில் முடிந்துவிடும். இன்று 120 ஜிபி எஸ்எஸ்டியில் 24 ஜிபியை ஒரே கோப்புக்கு எழுதி வைப்பதென்றால் டிரைவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாரை வார்ப்பதாகும். எந்த எண்ணையும் மாற்றுவதற்கு முன், அம்மா கேட்ட கேள்விக்குத்தான் முதலில் விடை காண வேண்டும். பலரும் தடுமாறும் இடம் அதுதான்.

அந்த எச்சரிக்கை ரேம் நிரம்பிவிட்டதைச் சொல்லவில்லை. ஒரு நிரல் நினைவகம் கேட்கும்போது விண்டோஸ் அந்த நொடியே ரேமில் இடத்தை ஒதுக்கிவிடுவதில்லை. "இவ்வளவு உனக்கு உண்டு" என்று வாக்குக் கொடுத்து, நிரல் அதை உண்மையில் தொடும்போதுதான் 4 கேபி கொண்ட பக்கங்களாக இடம் தருகிறது. கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு டோக்கன் கொடுப்பதைப் போன்றது இது. டோக்கன் வாங்கியவர் பந்தியில் இன்னும் உட்காரவில்லை என்றாலும், அவருக்கான இலையை வேறு ஒருவருக்கு வாக்களிக்க முடியாது. இப்படிக் கொடுத்த வாக்குகளின் மொத்தத்தைத்தான் விண்டோஸ் கமிட் என்கிறது. அதன் உச்ச வரம்பு, ரேமையும், ரேமில் இடமில்லாத பக்கங்களை வைக்க டிஸ்கில் இருக்கும் பேஜ் ஃபைல் என்ற கோப்பையும் கூட்டி வரும் அளவு. கொடுத்த வாக்கு அந்த வரம்பை நெருங்கும்போதுதான் எச்சரிக்கை வருகிறது. பந்தியில் பாதி இருக்கை காலியாக இருக்கும்போதே டோக்கன் தீர்ந்துபோவது இப்படித்தான்.

ஆகவே நான்கு விவரங்கள் தேவை. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரியைத் திறந்தால், கீழே கமிட்டெட் என்ற சொல்லுக்கு அடியில் சாய்கோட்டுக்கு இருபுறமும் இரண்டு எண்கள் இருக்கும். எச்சரிக்கை வரும் நேரத்தில் அவை என்னவென்று குறித்துக்கொள்ளுங்கள். அதே பக்கத்தில் ஹார்ட்வேர் ரிசர்வ்ட் என்பதற்கு எதிரே உள்ள எண்ணும் வேண்டும். பிறகு தொடக்கத் தேடலில் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் என்று தேடித் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பிரிவின் செட்டிங்ஸ், அதனுள் அட்வான்ஸ்டு, அதனுள் விர்ச்சுவல் மெமரியின் சேஞ்ச் பொத்தான் என்று சென்று, அங்கே என்ன தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். எதையும் மாற்ற வேண்டாம். கடைசியாக, ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதன் கீழ் சிஸ்டம் என்ற பதிவேட்டில் 2004 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள். எச்சரிக்கை வந்த வேளையில் அதிக நினைவகத்தை வைத்திருந்த நிரல்களின் பெயர்களையும், ஒவ்வொன்றும் எத்தனை பைட் என்பதையும் விண்டோஸ் அங்கே தானாகவே எழுதி வைத்திருக்கும். இத்தனை பயனுள்ள ஒன்றை இவ்வளவு ஆழத்தில் புதைத்து வைத்திருப்பது ஏனென்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

வினாத்தாள்

மிக்க நன்றி ஐயா. டோக்கன் உவமை என் மகளுக்கும் புரிந்துவிட்டது. இன்று மாலை எச்சரிக்கை வந்ததும் அனைத்தையும் குறித்துக்கொண்டேன்.

கமிட்டெட் என்பதன் கீழ் 5.7/5.9 ஜிபி என்று இருந்தது. ஹார்ட்வேர் ரிசர்வ்ட் 2.1 ஜிபி. விர்ச்சுவல் மெமரி பெட்டியில் சி, டி இரண்டுக்கும் நோ பேஜிங் ஃபைல் என்று தேர்வாகியிருந்தது. இது என் அண்ணன் மகன் செய்த வேலை. எஸ்எஸ்டி பொருத்திய அன்று, பேஜ் ஃபைல் இருந்தால் அது சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று சொல்லி எதையோ மாற்றியது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. 2004 என்ற எண்ணில் பதிவுகள் ஏராளமாக உள்ளன. பெரும்பாலானவற்றில் உலாவியின் பெயர் இருக்கிறது. ஆனால் கடைசி மூன்று பதிவுகளில் முதலிடத்தில் இருப்பது, அச்சுப்பொறியுடன் வந்த, மை அளவைக் காட்டும் சிறு நிரல். அதற்கு எதிரே ஏறக்குறைய 184 கோடி பைட் என்று உள்ளது. மை அளவைக் காட்ட இவ்வளவு வேண்டுமா? சி டிரைவில் காலியிடம் 7 ஜிபி.

பழுதுபார்ப்பவன்

வேண்டவே வேண்டாம் அம்மா. 184 கோடி பைட் என்றால் சுமார் 1.7 ஜிபி. உங்கள் வரம்பில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலானதை அந்த நிரல் ஒன்றே பிடித்து வைத்திருக்கிறது. வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராமல் மேலும் மேலும் கேட்டுக்கொண்டே போகும் இந்தப் பழுதைக் கசிவு என்பார்கள். உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு அல்ல, மூன்று சேர்ந்திருக்கின்றன.

முதலாவது பேஜ் ஃபைல் இல்லாதது. அது இல்லாததால் வாக்கின் வரம்பு ரேமின் அளவோடு, அதாவது 5.9 ஜிபியோடு நின்றுவிட்டது. அந்தப் பெட்டியின் மேலே உள்ள, எல்லா டிரைவ்களுக்கும் விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்ற பொருளுடைய கட்டத்தைத் தேர்வு செய்து, ஓகே கொடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள். எண் எதுவும் எழுத வேண்டாம். விண்டோஸ் தன் பொறுப்பில் வைத்திருக்கும் பேஜ் ஃபைல், ரேமைப் போல் மூன்று மடங்கு அல்லது 4 ஜிபி, இரண்டில் எது பெரிதோ அதுவரை வளரலாம். ஆனால் பொதுவாக டிரைவின் மொத்த அளவில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது. உங்கள் 120 ஜிபிக்கு அது சுமார் 14 ஜிபி. தேய்மானம் பற்றி உங்கள் அண்ணன் மகன் கொண்ட அச்சம் ஒரு காலத்தில் பரவலாக இருந்ததுதான், அவரைக் குறை சொல்ல வேண்டாம். பேஜ் ஃபைலில் எழுதுவதைவிடப் படிப்பதே பல மடங்கு அதிகம் என்றும், எஸ்எஸ்டியில் வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான கோப்புகள் சிலவே என்றும் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7 வந்த 2009 வாக்கிலேயே விளக்கிவிட்டது.

ஆனால் வளர அனுமதி இருந்தால் போதாது, இடமும் வேண்டும். 7 ஜிபி காலியிடத்தில் 14 ஜிபி கோப்பு வளராது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: அமைப்பைச் சரிசெய்துவிட்டு, சில வாரங்களில் சி டிரைவ் நிறைந்ததும் அதே எச்சரிக்கை திரும்பி வர, இந்த மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டவுன்லோட்ஸ் அடைவில் உள்ள காணொளிகளை டி டிரைவுக்கு மாற்றுங்கள். டிஸ்க் கிளீனப்பில் பழைய புதுப்பிப்புக் கோப்புகளை நீக்குங்கள். கணினியை ஹைபர்னேட் செய்யும் (திறந்திருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு அணைக்கும்) பழக்கம் இல்லை என்றால், கமாண்ட் ப்ராம்ப்ட்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து "பவர்சிஎஃப்ஜி /ஹைபர்னேட் ஆஃப்" என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் கொடுத்தால், அதற்காக ஒதுக்கி வைத்திருக்கும் சில ஜிபி திரும்பக் கிடைக்கும். அதனுடன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியும் போய்விடும் என்பதை மட்டும் அறிந்து செய்யுங்கள். எஸ்எஸ்டி உள்ள கணினியில் அது பெரிய இழப்பாக இராது.

இரண்டாவது, அந்த 2.1 ஜிபி. 8 ஜிபி வாங்கிய நீங்கள் 5.9 ஜிபியைத்தான் பயன்படுத்திக்கொண்டிருக்கிறீர்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால் செயலிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்காக பயாஸ் (கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை நிரல்) 2 ஜிபியை நிரந்தரமாக எடுத்து வைத்திருக்கிறது. பயாஸில் யுஎம்ஏ ஃப்ரேம் பஃபர் என்ற பெயரில் இது இருக்கும். 512 எம்பி என்று மாற்றிவிடுங்கள். கிராஃபிக்ஸுக்கு மேலும் தேவைப்பட்டால் விண்டோஸ் பொது ரேமிலிருந்து அவ்வப்போது கொடுத்து வாங்கிக்கொள்ளும். காணொளிப் பாடத்துக்கும் வேர்டுக்கும் இதனால் குறை எதுவும் வராது. காசு செலவில்லாமல் ஒன்றரை ஜிபி கிடைக்கும் இடம் இது.

மூன்றாவது, மை காட்டும் நிரல். டாஸ்க் மேனேஜரின் டீடெய்ல்ஸ் பகுதியில் தலைப்பு வரிசையின் மேல் வலது சொடுக்குச் செய்து, செலக்ட் காலம்ஸ் வழியாகக் கமிட் சைஸ் என்ற பத்தியைச் சேருங்கள். வழக்கமாகக் காட்டப்படும் மெமரி பத்தி, அந்நேரம் ரேமில் இருப்பதை மட்டுமே காட்டும் என்பதால், வாக்கு வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும் நிரல் அதில் அகப்படாது. காலையில் கணினியைத் தொடங்கியதும் ஒரு முறையும், பிறகு சில மணி நேரத்துக்கு ஒரு முறையும் அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு உறுதி. பேஜ் ஃபைலை எவ்வளவு பெரிதாக்கினாலும் கசியும் நிரல் அதையும் ஒருநாள் நிரப்பிவிடும்.

கூட்டல்கழித்தல்

மேலே சொன்னதோடு ஒரு சிறு எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். ரேமைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் இலவச நிரல்களை இந்தச் சிக்கலுக்காக நிறுவிவிடாதீர்கள். மற்ற நிரல்களின் பக்கங்களை ரேமிலிருந்து வெளியே தள்ளி ஒரு பெரிய எண்ணைக் காட்டுவதுதான் அவற்றின் வேலை. கொடுத்த வாக்கில் ஒரு பைட் கூட அதனால் குறைவதில்லை. பென் டிரைவைச் செருகும் ரெடிபூஸ்ட் வழியும் வேகத்துக்கான இடைச்சேமிப்புதானே தவிர, வரம்பைக் கூட்டாது. சி டிரைவில் இடம் தேறவே இல்லை என்றால் டி டிரைவில் இரண்டாவது பேஜ் ஃபைல் ஒன்றை வைக்கலாம். ஹார்டு டிஸ்க் மெதுவானது என்றாலும், நிரல் மூடிக்கொண்டு வினாத்தாள் போவதைவிட மெதுவாக ஓடுவது மேல்.

மலைக்கோட்டை

ஒன்றரை மடங்குக் கணக்கை இன்றோடு விட்டுவிடுகிறேன். என் கணினியில் பார்த்தேன், 16 ஜிபி ரேமுக்கு 24 ஜிபி பேஜ் ஃபைல் வைத்திருக்கிறேன். அதில் ஒரு ஜிபி கூடப் பயன்பட்டதாகத் தெரியவில்லை.

வினாத்தாள்

ஒன்பது நாட்கள் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அச்சுப்பொறி நிரல் காலையில் 40 எம்பியில் தொடங்கி, மதியம் 310, இரவு 900 எம்பி என்று ஏறியது. கணினியை நாங்கள் அணைக்காமல் உறக்க நிலையிலேயே விடுவதால் மறுநாளும் அது விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்திருக்கிறது. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பகுதியில் அதை முடக்கிவிட்டேன். அச்சு எடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை, மை அளவை மட்டும் அச்சுப்பொறியிலேயே பார்த்துக்கொள்கிறோம். பயாஸ் மாற்றத்தை என் அண்ணன் மகனே வந்து செய்து கொடுத்தார். சி டிரைவில் இப்போது 31 ஜிபி காலி. அதில் பெரும்பகுதி மகள் இறக்கி வைத்து மறந்துபோன பாடக் காணொளிகள் இருந்த இடம். நேற்று மாலை எல்லாவற்றையும் திறந்து வைத்தபோது கமிட்டெட் 6.1/11.4 ஜிபி என்று இருந்தது. எச்சரிக்கை ஒருமுறையும் வரவில்லை. இனி ரேம் வாங்கவே தேவையில்லையா?

பழுதுபார்ப்பவன்

இப்போதைக்குத் தேவையில்லை. ஆனால் இரண்டும் வேறு வேறு கேள்விகள் அம்மா. வரம்பு போதாவிட்டால் எச்சரிக்கை வரும், நிரல் மூடிக்கொள்ளும். ரேம் போதாவிட்டால் கணினி மெதுவாகும், அவ்வளவுதான். ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் இரண்டு மூன்று நொடி தயங்கினால், ரிசோர்ஸ் மானிட்டரின் மெமரி பகுதியில் ஹார்ட் ஃபால்ட்ஸ் (ரேமில் இல்லாத பக்கத்தை டிஸ்கிலிருந்து எடுக்க வேண்டிவந்த தடவைகள்) என்ற வரைபடத்தைப் பாருங்கள். அது எப்போதாவது எழுந்து அடங்கினால் கவலை இல்லை; நிமிடக்கணக்கில் உயரத்திலேயே நின்றால் அன்று வாங்கலாம். வாங்கும்போது, இப்போதிருப்பது ஒரே 8 ஜிபி ரேம் என்றால் அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபியை, மதர்போர்டு கையேடு சொல்லும் ஸ்லாட்டில் போடச் சொல்லுங்கள். உங்கள் செயலியின் கிராஃபிக்ஸும் ரேமையே நம்பியிருப்பதால், இரண்டு ரேம்கள் இணையாக இயங்கும்போது படமும் சற்று வேகமாக ஓடும். வேர்டில் ஆட்டோ ரெக்கவர் இடைவெளி வழக்கமாகப் பத்து நிமிடமாக இருக்கும், அதை இரண்டாக்கிவிடுங்கள்.