டாட்நெட் திட்டத்துக்குள் பழைய சி நிரலைச் சேர்க்கும்போது வரும் கம்பைலர் பிழைகள்: எடை மேடை மென்பொருள்

திருவொற்றியூர் நிரலர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருவொற்றியூரிலிருந்து மணலிக்குச் செல்லும் வழியில் உள்ள ஓர் எடை மேடையின் மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரி மேடைமீது ஏறி நின்றதும், எடைகாட்டிப் பெட்டி சீரியல் கேபிள் வழியாக எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும். வண்டியின் ஆட்டம் அடங்கி எண் நிலைபெற்றதா என்று பார்த்து, நிலைபெற்ற எண்ணை மட்டும் எடைச்சீட்டில் அச்சிடும் வேலையைச் சி மொழியில் எழுதப்பட்ட ஒரு பழைய நிரல் பல ஆண்டுகளாகப் பிசகின்றிச் செய்து வருகிறது. அதை எழுதியவர் இப்போது இங்கே இல்லை.

உரிமையாளர் பில், ஜிஎஸ்டி, வாடிக்கையாளர் கணக்கு ஆகிய அனைத்தும் ஒரே திரையில் வேண்டும் என்று கேட்டதால், சி ஷார்ப்பில் புதிய விண்டோஸ் ஃபார்ம்ஸ் நிரல் ஒன்றை எழுதினேன். எடை படிக்கும் பகுதியை மட்டும் மாற்றாமல் பயன்படுத்த விரும்பி, விஷுவல் ஸ்டுடியோ 2022-இல் டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8-க்கான சி++/சிஎல்ஐ (டாட்நெட்டோடு இணையும் சி++ வடிவம்) திட்டம் ஒன்றைத் தொடங்கி அதில் பழைய கோப்புகளைச் சேர்த்தேன். முதல் பில்டிலேயே, சி கோப்பைச் சிஎல்ஆர் ஆப்ஷனோடு (டாட்நெட் இயக்கச்சூழலுக்காகக் கம்பைல் செய்யச் சொல்லும் அமைப்பு) கம்பைல் செய்ய முடியாது என்று டி8045 பிழை வந்து நின்றுவிட்டது.

இணையத்தில் ஒருவர் கூறியிருந்தபடி, கோப்புகளைச் சி++ ஆகக் கம்பைல் செய்யும்படி அமைப்பை மாற்றினேன். அதன் பிறகு பிழைகள் நூற்றைத் தாண்டிவிட்டன. நினைவகம் ஒதுக்கும் மால்லாக்கை அழைக்கும் ஒவ்வொரு வரியிலும் சி2440 வருகிறது. எண் நிலைபெற்றதா என்று சோதிக்கும் ஃபங்ஷனில் முந்தைய வாசிப்புக்கு ஓல்டு என்றும் அடுத்த வாசிப்புக்கு நியூ என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வரிகளில் எல்லாம் சி2059 வருகிறது. பிழை நேர்ந்தால் போர்ட்டை மூடிவிட்டு வெளியேறுவதற்காக எழுதிய கோட்டூ வரிகளில் சி2362 வருகிறது. மால்லாக் வரிகளுக்குக் காஸ்ட் (வகையை மாற்றும் குறிப்பு) போட்டு ஓரளவு குறைத்தேன். ஆனால் சரியாக ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் இத்தனை இடங்களில் கை வைக்கிறோமே என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. எடைச்சீட்டில் உள்ள எண்ணை வைத்துத்தான் லாரிக்காரர் வாடகை வாங்குகிறார். இந்த வழியிலேயே தொடரலாமா, வேறு வழி இருக்கிறதா?

பெரம்பூர் கம்பைலர் பிரியர் பதில்:

வணக்கம் நண்பரே. தயவுசெய்து இப்போதே நிறுத்திவிட்டு, போட்ட காஸ்ட்டுகளையும் எடுத்துவிட்டு, அந்தக் கோப்புகளைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடுங்கள். உங்கள் அச்சம் முற்றிலும் நியாயமானது. டி8045 உங்கள் நிரலில் குறை இருப்பதாகச் சொல்லவில்லை. சிஎல்ஆர் ஆப்ஷன் சி++ மொழிக்கு மட்டுமே உரியது, சி மொழிக்கு அந்த நீட்டிப்பு கிடையாது என்பதைத்தான் சொல்கிறது. ஆகவே சி கோப்பைச் சி++ ஆக்கினால் அந்தத் தடை விலகும் என்பது உண்மை. ஆனால் அப்போது நீங்கள் செய்வது கம்பைல் அல்ல, மொழிமாற்றம்.

நீங்கள் கண்ட பிழைகள் அனைத்தும் இந்த இரண்டு மொழிகளும் பிரியும் இடங்கள். சி-யில் மால்லாக் தரும் வாய்ட் பாயிண்டர் (வகை சொல்லாத நினைவக முகவரி) எந்தப் பாயிண்டராகவும் தானாக மாறிக்கொள்ளும். சி++ அதை ஏற்பதில்லை. நியூ என்பது சி-யில் சாதாரணப் பெயர், சி++-இல் மொழியின் சொந்தச் சொல். ஒரு மாறிக்குத் தொடக்க மதிப்பு கொடுக்கும் வரியைத் தாண்டிக் கோட்டூ குதிப்பதைச் சி அனுமதிக்கும், சி++ அனுமதிக்காது. கம்பைலர் கூச்சலிடும் இவற்றைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். கூச்சலே இல்லாமல் பொருள் மாறும் இடங்கள்தான் ஆபத்தானவை. ஒற்றை மேற்கோளுக்குள் எழுதிய ஓர் எழுத்தின் சைஸ்ஆஃப் மதிப்பைச் (பைட் அளவைச்) சி-யில் கேட்டால் அது இன்ட் (முழு எண்) வகை என்பதால் உங்கள் கம்பைலரில் 4 என்று வரும்; அதே வரி சி++-இல் 1 என்று தரும். எடைகாட்டியிலிருந்து வரும் பைட்டுகளை எண்ணும் நிரலில் இப்படி ஒரு வரி எங்கேனும் இருந்துவிட்டால், பிழையே இல்லாமல் பில்ட் ஆகித் தவறான எடையை அச்சிடும்.

எனவே சி கோப்புகள் சி ஆகவே இருக்கட்டும். சொல்யூஷன் எக்ஸ்புளோரரில் அந்தக் கோப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, முதலில் மேலே உள்ள கான்ஃபிகரேஷன், பிளாட்ஃபார்ம் என்ற இரண்டையும் அனைத்தும் என்ற நிலைக்கு மாற்றுங்கள். இதைத் தவறவிட்டு, டீபக் பில்ட் சரியாகி ரிலீஸ் பில்டில் அதே பிழை மீண்டும் வந்ததைப் பார்த்துக் குழம்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிறகு சி/சி++ பிரிவில் சிஎல்ஆர் ஆதரவு வேண்டாம் என்று வைத்து, கம்பைல் ஆஸ் என்பதைச் சி என்று திருப்பி, பிரிகம்பைல்டு ஹெடர் (முன்கூட்டியே கம்பைல் செய்து வைத்த அறிவிப்புக் கோப்பு) வேண்டாம் என்றும் வைத்துவிடுங்கள். கடைசியாகச் சொன்னதை விட்டால், அடுத்து வருவது சி1853 அல்லது சி1010: சி++-க்காக உருவான பிரிகம்பைல்டு ஹெடரைச் சி கோப்பு பயன்படுத்த இயலாது.

இதன் பின்னர் ஒரே ஒரு புதிய சிபிபி (சி++) கோப்பை மட்டும் சிஎல்ஆர் ஆப்ஷனோடு எழுதுங்கள். அதில் போர்ட்டைத் திற, எடையைப் படி, போர்ட்டை மூடு என்ற மூன்று செயல்களைத் தரும் ரெஃப் கிளாஸ் (டாட்நெட் கிளாஸ்) ஒன்று இருந்தால் போதும். உள்ளே பழைய சி ஃபங்ஷன்களை நேரடியாக அழைக்கலாம், சி ஷார்ப் நிரல் அந்தக் கிளாஸை மட்டுமே பார்க்கும். இரண்டு வகையான ஆப்ஜெக்ட் கோப்புகளையும் லிங்கர் ஒரே டிஎல்எல்லாகச் சேர்த்துவிடும். சிஎல்ஆர் ஆப்ஷன் எம்டி (/MT) என்ற ரன்டைம் நூலக அமைப்போடும் ஆர்டிசி1 (/RTC1) என்ற ஓட்டநேரச் சோதனையோடும் ஒத்துப்போகாது. பழைய திட்டத்திலிருந்து அமைப்புகளை நகலெடுத்திருந்தால் டி8016 வரும். நூலகத்தை டிஎல்எல் வகைக்கு மாற்றும்போது சி கோப்புகளுக்கும் சேர்த்தே மாற்றுங்கள்.

திருவொற்றியூர் நிரலர்:

மிக்க நன்றி ஐயா. காஸ்ட்டுகளை எல்லாம் நீக்கிவிட்டு நீங்கள் கூறியபடியே செய்தேன். சி கோப்புகள் ஒரு பிழையும் இல்லாமல் கம்பைல் ஆகின்றன. ஆனால் லிங்க் செய்யும்போது, நான் அழைக்கும் மூன்று ஃபங்ஷன்களுக்கும் எல்என்கே2019 (ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்ற பிழை) வருகிறது. பிழையில் ஃபங்ஷனின் பெயர் கேள்விக்குறியில் தொடங்கி நடுவில் அட் குறிகளோடு நீண்டு தெரிகிறது. அதோடு எல்என்கே4248 என்ற எச்சரிக்கை ஒன்றும் வருகிறது. எடைகாட்டிக்கான ஸ்ட்ரக்டின் (தரவுத் தொகுப்பு வகையின்) பெயர் அதில் இருக்கிறது, இமேஜ் ஓடாமல் போகலாம் என்றும் சொல்கிறது. எச்சரிக்கைதானே என்று விட்டுவிடலாமா?

பெரம்பூர் கம்பைலர் பிரியர்:

விட வேண்டாம், இரண்டுமே எளிதில் தீரும்.

முதலாவது, பெயர்ச் சிக்கல். சி++ கம்பைலர் ஃபங்ஷன் பெயரோடு அதன் வகை விவரங்களையும் சேர்த்து ஒரு நீண்ட பெயரை உருவாக்கித் தேடுகிறது. சி கம்பைலரோ வெறும் பெயரை மட்டும் ஆப்ஜெக்ட் கோப்பில் எழுதியிருக்கிறது. நீங்கள் பார்த்த கேள்விக்குறிதான் இதற்கு அடையாளம். பழைய ஹெடரைத் தொட விரும்பவில்லை என்றால், உங்கள் சிபிபி கோப்பில் அந்த ஹெடரை இன்க்ளூட் செய்யும் வரியை எக்ஸ்டெர்ன் சி என்ற அடைப்புக்குள் வைத்துவிடுங்கள். அந்த ஹெடர் விண்டோஸ் ஹெடரையும் உள்ளே இழுத்தால், அதை மட்டும் அடைப்புக்கு வெளியே, முன்னதாகவே இன்க்ளூட் செய்துவிடுவது நல்லது.

இரண்டாவது சற்று நுட்பமானது. ஹெடரில் அந்த ஸ்ட்ரக்டின் பெயர் மட்டும் இருக்கும், உள்ளடக்கம் சி கோப்புக்குள் மறைந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். சி நூலகங்களில் இது நல்ல பழக்கம்தான். ஆனால் சிஎல்ஆர் கம்பைலர் தான் குறிப்பிடும் ஒவ்வொரு வகையையும் மெட்டாடேட்டாவில் (டிஎல்எல்லில் சேரும் வகை விவரப் பட்டியலில்) எழுதியாக வேண்டும். வரையறையே கிடைக்காதபோது அந்தக் குறிப்பு அந்தரத்தில் நிற்கிறது, அதைத்தான் லிங்கர் எச்சரிக்கிறது. உங்கள் சிபிபி கோப்பிலேயே அதே பெயரில் உறுப்பே இல்லாத வெற்று ஸ்ட்ரக்ட் ஒன்றை வரையறுத்துவிட்டால் எச்சரிக்கை மறைந்துவிடும். அந்தக் கோப்பில் பாயிண்டரை வாங்கி, அப்படியே சி ஃபங்ஷனுக்குக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த ஸ்ட்ரக்டை அங்கே உருவாக்குவதோ, அதன் அளவைக் கேட்பதோ கூடவே கூடாது, ஏனெனில் அங்கே தெரிவது உண்மையான அளவு அல்ல.

ராயபுரம் டாட்நெட் பதில்:

பெரம்பூர் நண்பர் கூறியது அனைத்தும் சரி. இருந்தாலும் மூன்று ஃபங்ஷன்களுக்காக சி++/சிஎல்ஐ தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. பழைய நிரலைச் சாதாரண டிஎல்எல்லாக பில்ட் செய்து, சி ஷார்ப்பிலிருந்து டிஎல்எல் இம்போர்ட் வழியாக அழைத்தால் சிஎல்ஆர் ஆப்ஷனே வேண்டியதில்லை. சி++/சிஎல்ஐ டாட்நெட் கோரிலும் உண்டு, விஷுவல் ஸ்டுடியோ 2019-இன் 16.4 பதிப்பில் வந்தது. ஆனால் சி++/சிஎல்ஐ விண்டோஸில் மட்டுமே இயங்கும். நாளை எடைகாட்டியோடு ஒரு சிறிய லினக்ஸ் பெட்டியை இணைக்கும் எண்ணம் இருந்தால் டிஎல்எல் இம்போர்ட் வழிதான் உதவும். சீரியல் போர்ட்டைத் திறக்கும் சில வரிகளை மட்டும் அங்கே மாற்ற வேண்டியிருக்கும்.

ஒரு விலையும் இருக்கிறது. இந்த வழியில் கம்பைலர் உங்கள் பக்கம் நிற்காது. தவறுகள் எல்லாம் ஓடும்போதுதான் தெரியும். விண்டோஸில் சி-யின் லாங் 4 பைட், சி ஷார்ப்பின் லாங் 8 பைட்; எடையை லாங் ஆகத் திருப்பித் தரும் ஃபங்ஷனுக்கு சி ஷார்ப்பில் இன்ட் என்றே எழுத வேண்டும். அழைக்கும் முறையை (அழைப்பு முடிந்ததும் ஸ்டாக்கைச் சுத்தம் செய்வது யார் என்ற விதியை)ச் சொல்லாமல் விட்டால் விண்டோஸில் எஸ்டிடிகால் என்று எடுத்துக்கொள்ளும், பெரும்பாலான சி நிரல்களோ சிடெக்ல். 64 பிட்டில் ஒரே முறை என்பதால் இந்தத் தவறு வெளியே தெரியாது. 32 பிட் நிரலாக ஓடும்போது ஸ்டாக் குலைந்துவிடும். எடை மேடைகளில் பழைய கணினிகளே அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 32 பிட் நிரல் 64 பிட் டிஎல்எல்லை ஏற்ற முயன்றால் வரும் பேட் இமேஜ் ஃபார்மட் பிழையையும் நினைவில் வையுங்கள்.

புதிய எடை வந்ததும் அழைக்கும்படி சி நிரலுக்கு ஒரு கால்பேக் கொடுப்பதாக இருந்தால், எந்த வழியில் சென்றாலும் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தக் கால்பேக்கைத் தாங்கும் சி ஷார்ப் டெலிகேட்டை கிளாஸின் ஓர் உறுப்பாக வைத்திருங்கள். ஃபங்ஷனுக்குள்ளேயே உருவாக்கி அனுப்பிவிட்டால், சி பக்கம் அதன் முகவரியை வைத்திருப்பது கார்பேஜ் கலெக்டருக்குத் (பயன்படாத நினைவகத்தை அகற்றும் டாட்நெட் பகுதிக்குத்) தெரியாது. அது டெலிகேட்டை அகற்றிய பிறகு வரும் முதல் எடையில் நிரல் விழும், அதுவும் மேசையில் சோதிக்கும்போது அல்ல, லாரிகள் வரிசையில் நிற்கும் நேரத்தில்.

திருவொற்றியூர் நிரலர்:

இருவருக்கும் நன்றி. வெற்று ஸ்ட்ரக்ட், எக்ஸ்டெர்ன் சி இரண்டையும் சேர்த்ததும் டீபக், ரிலீஸ் இரண்டும் எச்சரிக்கையின்றி பில்ட் ஆகிவிட்டன. லினக்ஸ் எண்ணம் இப்போதைக்கு இல்லாததால் சி++/சிஎல்ஐ வழியிலேயே இருக்கிறேன். கால்பேக் ஒன்று உண்மையிலேயே இருந்தது, அதை ஃபங்ஷனுக்குள்தான் உருவாக்கியிருந்தேன். ராயபுரம் நண்பர் எழுதியதைப் படித்த பிறகு கிளாஸின் உறுப்பாக மாற்றிவிட்டேன்.

நேற்று மாலை பழைய நிரலையும் புதிய நிரலையும் அடுத்தடுத்து இயக்கி, ஒரே லாரியைச் சரக்கோடு ஒரு முறையும் காலியாக ஒரு முறையும் நிறுத்தி எடுத்தோம். சீட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்ததில் மொத்த எடை, காலி எடை, நிகர எடை மூன்றும் கிலோ பிசகாமல் ஒத்திருந்தன. ஒரு வாரம் இரண்டு நிரல்களிலும் சீட்டு எடுத்து ஒப்பிட்ட பிறகே பழையதை நிறுத்தலாம் என்று உரிமையாளரிடம் கேட்டேன், ஒப்புக்கொண்டார்.