கேபிளின் கடைமுனையில் பழுது ஏற்பட்டும் பிரேக்கர் உடனே ட்ரிப் ஆகாதது ஏன்?

கேள்வி (கோத்தகிரி):
வணக்கம். எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் 250 கேவிஏ, 11 கேவி/433 வோல்ட் மின்மாற்றி உள்ளது; அதன் பெயர்ப்பலகையில் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கான மொத்த எதிர்ப்பு) 4.5 விழுக்காடு என்றிருக்கிறது. முழுச்சுமை மின்னோட்டமான 333 ஆம்பியரை 0.045 ஆல் வகுத்தால் குறுக்குச்சுற்று மின்னோட்டம் 7.4 கிலோ ஆம்பியர் என்று வருகிறது. இலை வாட்டும் கூடத்திற்கு 120 மீட்டர் நீளமுள்ள, 95 சதுர மில்லிமீட்டர், கவசமற்ற அலுமினியக் கேபிள் செல்கிறது; நிலத்தொடர்புக்கு 25×3 மில்லிமீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை உடன் செல்கிறது. அங்கே ஒரு மின்விசிறி மோட்டாரின் சுற்று உடலோடு ஒட்டியபோது, காந்த ட்ரிப் (பெரும் மின்னோட்டத்தில் உடனே துண்டிக்கும் பகுதி) பத்து மடங்கில் வைக்கப்பட்ட 200 ஆம்பியர் எம்சிசிபி (வார்ப்புப் பெட்டி வகை பிரேக்கர்) உடனே விழாமல், கேபிள் புகையும் வரை காத்திருந்தது. இவ்வளவு மின்னோட்டம் இருந்தும் அது ஏன் விழவில்லை?

பதில் 1 (குன்னூர்):
ஐயா, 7.4 என்பது மின்மாற்றியின் முனையில், மூன்று பேஸ்களும் ஒன்றாக ஒட்டினால் பாயக்கூடிய அளவு. பிரேக்கரின் துண்டிப்புத் திறனைத் தேர்ந்தெடுக்க அதுவே தேவை. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்களும் முதல் சில சுழற்சிகளில் மின்னோட்டம் தரும் என்பதால், அங்கே இன்னும் சற்றுக் கூட்டியே கணக்கிட வேண்டும். பிரேக்கர் விழுமா என்பதைத் தீர்மானிப்பதோ கடைமுனையில் பாயும் மிகக் குறைந்த மின்னோட்டம்.

அதைப் போட்டுப் பார்ப்போம். மின்மாற்றியின் மொத்த இம்பீடன்ஸ் ஏறத்தாழ 34 மில்லி ஓம். அதில் மின்தடை 11 என்று கொள்ளலாம். சூடான நிலையில் பேஸ் கம்பி ஏறத்தாழ 46 மில்லி ஓம். திரும்பி வரும் ஜிஐ பட்டையோ 120 மீட்டருக்கு 240 மில்லி ஓம் அளவில் நிற்கும். ரியாக்டன்ஸையும் (மாறுமின்னோட்டத்தில் காந்தப்புலத்தால் வரும் எதிர்ப்பு) சேர்த்தால் மொத்தம் 300 மில்லி ஓமைத் தொடும். பேஸ் மின்னழுத்தமான 250 வோல்ட்டில் ஐந்து விழுக்காடு குறைத்து, 237 வோல்ட்டை அதனால் வகுத்தால் 0.8 கிலோ ஆம்பியர்தான். உங்கள் எம்சிசிபி உடனடியாக விழ 2,000 ஆம்பியர் வேண்டும். அதனால் சூடேறி மெதுவாகத் துண்டிக்கும் வெப்பப் பகுதி மட்டுமே வேலை செய்து, நேரம் எடுத்துக்கொண்டிருக்கிறது. மண் வழியாக மின்னோட்டம் திரும்பும் என்று நம்பாதீர்கள்: பாறை நிறைந்த இந்த மண்ணில் நிலத்தொடர்பு 5 ஓம் இருந்தாலே 50 ஆம்பியருக்குமேல் பாயாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. காந்த ட்ரிப்பை ஐந்து மடங்காகக் குறைத்தால் போதுமா?

பதில் 1 (குன்னூர்):
போதாது, 1,000 ஆம்பியர் ஆகிவிடும், உங்களுக்குப் பாய்வது 800. பட்டையோடு 50 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி ஒன்றை இழுத்து இரு முனைகளிலும் இறுக இணைத்தால் மின்னோட்டம் 1.5 கிலோ ஆம்பியருக்கு மேல் உயரும். அப்போது ஐந்து மடங்கு போதும். மின்விசிறிகள் தொடங்கும்போது அந்த அளவில் வீணாக ட்ரிப் ஆகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு எர்த் ஃபால்ட் ரிலே (நிலத்தொடர்புக்குக் கசியும் மின்னோட்டத்தை உணர்ந்து துண்டிக்கச் செய்யும் கருவி) ஒன்றையும் பொருத்திவிடுவதே என் உறுதியான கருத்து, ஏனெனில் நனைந்த கைகளோடு ஆட்கள் நடமாடும் கூடம் அது. மின்சாரம் கொடுக்கும் முன் லூப் இம்பீடன்ஸ் (பழுது மின்னோட்டம் போய்த் திரும்பும் முழுப் பாதையின் இம்பீடன்ஸ்) அளக்கும் கருவியால் கடைசி மோட்டாரில் அளந்து, கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதில் 2 (உதகை):
ஒரு சிறு சேர்க்கை. எம்சிசிபிகளின் தரவுகள் பொதுவாக 2,000 மீட்டர் உயரம் வரைக்குமே பொருந்தும். கோத்தகிரிக்கு அது சிக்கலில்லை. 2,240 மீட்டரில் உள்ள எங்கள் ஊரில் காற்றின் அடர்த்தி குறைவதால், உயரத்துக்கேற்பத் திறனை எவ்வளவு குறைத்துக் கொள்ள வேண்டும் என்று காட்டும் தயாரிப்பாளரின் குறைப்பு அட்டவணையைப் பார்த்த பிறகே பிரேக்கர் வாங்க வேண்டும்.