மறு: ‘தரான்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ரஷ்ய, சோவியத் விமானிகளின் பட்டியலைத் தமிழாக்கத் தொடங்கியதில் இருந்து ‘தரான்’ என்ற சொல் நாலு பேருக்கு ஒருமுறை குறுக்கே வந்து நிற்கிறது. எதிரி விமானத்தைத் தன் விமானத்தாலேயே வேண்டுமென்று இடித்து வீழ்த்துவது. ரஷ்ய மொழியில் கோட்டைக் கதவை உடைக்கும் பெருமரத்துக்கு வழங்கிய பழைய பெயர் அது. 1914க்குப் பிறகு வானத்துக்கு ஏறிவிட்டது. குழுவில் இதுவரை வந்த பரிந்துரைகள் எதிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. ஏன் என்று எழுதிவிட்டு என் பங்குக்கு ஒன்றைச் சொல்கிறேன்.

> ‘வான்மோதல்’ என்று வைத்துவிட்டுப் போகலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். 1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் இடித்துக்கொண்டு 349 பேர் இறந்தார்களே, அதற்குத்தான் நம் செய்தித்தாள்கள் ‘நடுவானில் மோதல்’ என்று எழுதின. அந்த வழக்கு நிலைத்துவிட்டது. விபத்துக்கும் போர்ச்செயலுக்கும் ஒரே சொல்லை வைத்தால், 1914இல் இதைச் செய்து இறந்த ரஷ்ய விமானி நெஸ்தெரோவ் கவனக்குறைவால் செத்தார் என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்வார்.

பியோத்தர் நெஸ்தெரோவ் அப்படிக் கவனம் பிசகுகிற ஆள் இல்லை. 1913 செப்டம்பர் 9 அன்று கீவ் நகரில் நியூபோர் விமானத்தை நெட்டுக்குத்தாக முழு வட்டம் அடிக்க வைத்தவர். உலகில் அதுவே முதல்முறை. அரசுச் சொத்தை ஆபத்தில் விட்டார் என்று அவரைக் காவலில் வைத்தார்கள். சில நாளில் பிரான்சில் பெகூ என்பவரும் அதே வட்டத்தை அடித்துப் பெயர் வாங்கியதும், முதலில் அடித்தது எங்கள் ஆள்தான் என்று பதவி உயர்வு கொடுத்தார்கள். (எந்த நாட்டு அரசு அலுவலகமும் இப்படித்தான் போலிருக்கிறது.) மறு ஆண்டு, 1914 செப்டம்பர் 8, இன்றைய உக்ரைனில் உள்ள ஷோவ்க்வா ஊருக்கு மேலே ஆஸ்திரிய வேவு விமானம் ஒன்று வந்தது. இவருடைய மொரான் விமானத்தில் துப்பாக்கி கிடையாது. அன்றைக்குப் பெரும்பாலான விமானங்களில் கிடையாது. மேலே ஏறிப் பாய்ந்து இடித்தார். அந்த விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள், இவரும் இறந்தார். பிற்காலத்தில் அந்த ஊருக்கே 1951 முதல் 1992 வரை நெஸ்தெரோவ் என்று பெயர் இருந்தது.

> அப்படியானால் ‘தற்கொலைத் தாக்குதல்’ என்பதே சரி. ஜப்பானிய கமிகாசே மாதிரிதானே?

இதைத்தான் கடுமையாக மறுக்கிறேன். நெஸ்தெரோவை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றலாம். அடுத்தவரைப் பாருங்கள். 1915 மார்ச்சில் அலெக்சாந்தர் கசக்கோவ் கயிற்றில் கொக்கி நங்கூரம் ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு போனார், எதிரி விமானத்தில் மாட்டி இழுக்கலாம் என்று. கொக்கி சொன்னபடி கேட்கவில்லை. சக்கரங்களால் எதிரியின் மேல் இறக்கையை இடித்தார். எதிரி விழுந்தது, இவர் சேதமான விமானத்தோடு இறங்கி நடந்து போனார். முதல் உலகப்போரில் ரஷ்யாவின் முதல்நிலை வீரராக எண்ணப்படுபவர் அவர்தான்.

இரண்டாம் உலகப்போரில் சோவியத் விமானிகள் 600க்கும் மேற்பட்ட முறை இதைச் செய்ததாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பலர் இறந்தார்கள். பிழைத்தவர்களும் ஏராளம். விக்தர் தலலீகின் 1941 ஆகஸ்ட் 7 அதிகாலை இருட்டில், மாஸ்கோவுக்குத் தெற்கே, தோட்டா தீர்ந்துபோன ஐ-16 விமானத்தால் ஜெர்மன் ஹெயின்கெல் குண்டுவீச்சு விமானத்தை இடித்துவிட்டுப் பாரசூட்டில் குதித்தார். வயது 22. மறுநாளே சோவியத் ஒன்றியத்தின் வீரர் பட்டம் கிடைத்தது. அக்டோபரில் வேறொரு சண்டையில்தான் இறந்தார்.

போரிஸ் கவ்சான் இன்னும் ஒரு படி மேலே. 1941 அக்டோபருக்கும் 1942 ஆகஸ்டுக்கும் இடையே நான்கு முறை இடித்தார், நான்கு முறையும் பிழைத்தார். கடைசி முறை ஒரு கண் போயிற்று. அதற்குப் பிறகும் விமானம் ஓட்டினார். 1985 வரை வாழ்ந்தார். இவரைத் தற்கொலைத் தாக்குதல்காரர் என்று எழுதினால் எழுதுகிற நமக்கே சிரிப்பு வரும். கமிகாசே விமானி தரையை விட்டுக் கிளம்பும்போதே திரும்புவதில்லை என்று முடிவு செய்தவர். சோவியத் தரான் விமானி தோட்டாவோடு கிளம்பினார். தோட்டா தீர்ந்தபின், எதிரி நகரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது, கடைசி வழியாக இதை எடுத்தார். ஆகவே நம் சொல்லில் வேண்டுமென்றே செய்தது என்பது தெரிய வேண்டும், சாவு மட்டும் ஏறியிருக்கக் கூடாது.

என் பரிந்துரை: வான்முட்டு.

‘முட்டு’ என்றால் வெறும் வினையடிதானே என்று கேட்பீர்கள். மதுரைப் பக்கம் ‘கிடாமுட்டு’ என்றால் குழந்தைக்கும் தெரியும், பெயர்ச்சொல்லாகவே புழங்குகிறது. கிடா தெரியாமல் இடிப்பதில்லை, சாகவேண்டும் என்றும் இடிப்பதில்லை. நமக்கு வேண்டிய இரண்டும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன. வினையாக்குவதும் எளிது: ‘வான்முட்டினார்’, ‘இருமுறை வான்முட்டியவர்’.

‘பொருதகர்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். ‘ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து’ என்ற குறளில் வரும் அதே சண்டைக்கிடா. அழகான சொல், ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் தகர் என்றால் இன்று தகரடப்பாதான் நினைவுக்கு வரும். விமானத்தோடு சேர்த்துப் படித்தால் இன்னும் மோசம்.

‘தரான்’ என்றே விட்டுவிடலாம் என்பவர்களுக்கு: தலைப்பின் அருகே ஒருமுறை அப்படிக் குறிக்கலாம். வரிக்கு வரி ‘தரான் செய்தார்’ என்று போட்டால் ‘தர மாட்டான்’ என்று சிலர் படிப்பார்கள்.

*

தம்பிக்கு,

வான்மோதல் வேண்டாம், தற்கொலை வேண்டாம் என்பதில் உங்கள் பக்கம்தான். முட்டில் எனக்குச் சிக்கல் இருக்கிறது.

முதலாவது, செயல்முறை. கிடா பின்னால் போய் ஓடிவந்து மோதும். குறள் சொல்வதும் அதுதானே. சோவியத் விமானிகள் அப்படிச் செய்யவில்லை. பின்னாலிருந்து, எதிரி போகும் திசையிலேயே, வேகத்தைக் கிட்டத்தட்ட அவனுக்குச் சமமாக்கிக்கொண்டு மெல்ல நெருங்கி, புரொப்பெல்லரால் வால் பகுதியைச் சீவிவிடுவதுதான் அவர்கள் விரும்பிய முறை. வால் போனால் எதிரி விமானம் கட்டுப்பாடு இழந்துவிடும். வேக வித்தியாசம் குறைவாக இருப்பதால் தன் விமானம் தப்ப வாய்ப்பு உண்டு. பாய்ந்து இடித்தால் இருவரும் போக வேண்டியதுதான். இதைப் போய் முட்டு என்பதா? வெட்டு என்றல்லவா சொல்ல வேண்டும்?

இரண்டாவது, கஸ்தெல்லோ. 1941 ஜூன் 26, பெலாரஸ். தீப்பிடித்த குண்டுவீச்சு விமானத்தை ஜெர்மன் வாகன வரிசை மேல் இறக்கினார் என்று சோவியத் நாடு முழுவதும் கொண்டாடப்பட்டவர். அது அவர் விமானம்தானா என்று பின்னாளில் சர்ச்சை எழுந்தது வேறு கதை. ரஷ்ய மொழியில் அதற்குப் பெயர் ‘நெருப்புத் தரான்’. தரையில் நடந்ததை வான்முட்டு என்றால் பொருந்துமா?

மூன்றாவது, இணையத்தில் இன்றைக்கு ‘முட்டுக் கொடுப்பது’ என்றால் என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும்.

*

அக்கா,

முதல் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் ரஷ்ய மொழியிலும் இதே ஓட்டை இருக்கிறது. கோட்டைக் கதவை இடிக்கிற மரம் எதையும் சீவுவதில்லை. அவர்கள் பொதுப்பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, எதனால் செய்தார் என்பதை முன்னால் சேர்த்தார்கள். நாமும் அப்படியே ‘புரொப்பெல்லர் முட்டு’, ‘இறக்கை முட்டு’, ‘உடல் முட்டு’ என்று பிரித்துக்கொள்ளலாம். ‘வெட்டு’ என்று தலைச்சொல் வைத்தால் யெகத்தரீனா செலென்கோ போன்றவர்களை எங்கே வைப்பது? 1941 செப்டம்பர் 12 அன்று தன் சு-2 விமானத்தால் ஜெர்மன் சண்டை விமானத்தை இடித்து உயிர்விட்டவர். இதைச் செய்ததாக அறியப்படும் ஒரே பெண். பட்டம் கிடைக்க 1990 ஆயிற்று. ஜெட் விமானக் காலத்தில் புரொப்பெல்லரே இல்லை. 1973 நவம்பரில் கென்னாதி யெலிசேயெவ் மிக்-21 கொண்டு ஈரானின் பேன்டம் வேவு விமானத்தை இடித்து இறந்தார். 1981 ஜூலையில் வலந்தீன் குல்யாப்பின் சு-15 விமானத்தால் அர்ஜென்டினச் சரக்கு விமானம் ஒன்றின் வாலை இடித்துவிட்டு, இருக்கையோடு வெளியேறிப் பிழைத்தார். இவர்களுக்கும் அதே சொல் வேண்டும்.

கஸ்தெல்லோ விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ‘வான்’ அங்கே நிற்காது. அதற்குத் தனியாக ‘நெருப்பு முட்டு’ என்று வைத்து, தரை இலக்கின் மேல் விமானத்தை வீழ்த்துதல் என்று விளக்கம் போட்டுவிடலாம். அவருடைய குறிப்பில் சர்ச்சையையும் ஒரு வரி சேர்க்கிறேன்.

மூன்றாவதற்குப் பதில் இல்லை. முட்டுச்சந்தும் இருக்கிறது, மூட்டு வலிக்காரர் சொல்லும் முட்டும் இருக்கிறது. முன்னால் ‘வான்’ ஒட்டிக்கொண்டால் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

பட்டியலில் இப்படி ஏற்ற எண்ணம்:

*வான்முட்டு (பெ.) – பறக்கும் எதிரி விமானத்தைத் தன் விமானத்தால் வேண்டுமென்றே இடித்துச் சிதைக்கும் போர்முறை, ரஷ்ய வழக்கு: தரான்.*

*வான்முட்டு (வி.) – அவ்வாறு இடி. எ.கா.: ‘கவ்சான் நான்கு முறை வான்முட்டினார்.’*

நெஸ்தெரோவ் அடித்த வட்டத்தை ரஷ்யர்கள் ‘செத்த வளையம்’ என்கிறார்கள். அதற்கு ‘வான்கரணம்’ போதுமா, வேறு வேண்டுமா என்பதைத் தனி இழையில் பேசுவோம். இந்த இழையில் செவ்வாய்க்குள் இதைவிட நல்ல சொல் வராவிட்டால் மேலே உள்ளதை ஏற்றிவிடுகிறேன்.