கணைக்கால் வலி, செம்மண் பாதை: காரைக்குடிப் பக்கத்து ஆட்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர்ப் பக்கம் புதிதாக ஓட வருகிறவர்களை 5 கிலோமீட்டரிலிருந்து 10-க்குக் கொண்டுபோக 12 வாரத் திட்டம் போடுகிறோம். வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டம். வாரத் தூரத்தை 10 சதவீதத்துக்கு மேல் கூட்டுவதில்லை, நான்காவது வாரம் கால்பங்கு குறைப்பு. வேகம், பேசிக்கொண்டே ஓடும் அளவுதான்.

சிக்கல் கணைக்கால் வலியில், அதாவது முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வரும் வலியில். பழனிக்குப் பாதயாத்திரை போனவர்களுக்கு மூச்சு தாங்கிவிடும். ஆனால் ஓடும்போது எலும்பில் விழும் அடி வேறு, அது பழக மாதக்கணக்காகும். எலும்பின் உள் ஓரம் நெடுக வலித்தால் தூரத்தைப் பாதியாக்கி, எட்டி வைக்கும் அடியின் நீளத்தைக் குறைத்து, குதிகால் தூக்கும் பயிற்சியை 15 வீதம் மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யச் சொல்கிறோம். ஒரே புள்ளியில் விரல் வைத்தாலே சுரீரென்றாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் விரிசல் இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போக வேண்டியதுதான். ஆரம்பத்தில் இது எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், அதை நம்பி மறுபடி ஓடக் கிளம்பிவிடக் கூடாது.

தார் ரோட்டின் ஓரச் சரிவில் ஒரே பக்கமாக ஓடினால் சுமை இரண்டு காலிலும் சமமாக விழாது. அதனால்தான் கேட்கிறோம்: சரளை இல்லாத, சமமான செம்மண் பாதை, 2 கிலோமீட்டருக்குக் குறையாமல், காலை 5 மணிக்கு நாய்த்தொல்லை இல்லாமல் எங்கே இருக்கிறது? கண்மாய்க்கரை என்றால் ஐப்பசி மழையில் வழுக்குமா என்பதையும் எழுதுங்கள். ஓட்டக்காரர்களைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்ட் தேவகோட்டை, திருப்பத்தூர் வரைக்குள் இருந்தாலும் சொல்லுங்கள்.