பழவேற்காடு டச்சுக் கல்லறையில் ஒரு குலச்சின்னம்: படிக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. போன வாரம் பழவேற்காடு போயிருந்தேன். டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய ஊர். வாசலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய கல்லறைத் தோட்டத்தில் ஒரு கருங்கல் பலகை என்னை அப்படியே நிறுத்திவிட்டது. பெயர் இருந்த இடம் தேய்ந்துபோயிருக்கிறது; மேலே குடும்பச் சின்னம் செதுக்கிய கேடய வடிவம் மட்டும் தெளிவு.

கேடயம் நெடுக்காக இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பார்ப்பவருக்கு இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று மீன், வலப்பக்கம் ஒரு மரம். இப்படிப் பிரித்தால் இடப்பக்கம் கணவன் குடும்பம், வலப்பக்கம் மனைவி குடும்பம் என்பது பொதுவான வழக்கம். மேலே ஒரு தலைக்கவசம். டச்சு நாட்டில் பிரபுக்கள் மட்டுமில்லை, சாதாரண வணிகரும் சின்னம் வைத்துக்கொள்ளலாம். அதனால் தலைக்கவசத்தை வைத்து அந்தஸ்தை முடிவு செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை.

என் சந்தேகம் இதுதான். குடும்பப் பெயரையே படமாக வரைவது அங்கே சகஜம். அப்படியானால் மீன் என்பது 'விஸ்ஸர்', அதாவது மீனவர் என்ற பெயரைக் குறிக்குமா? ஒரே பெயருள்ள எல்லோருக்கும் ஒரே சின்னம் கிடையாது என்பதும் தெரியும். ஒரு இணையக் கடையில் பெயரைக் கொடுத்ததும் அழகான கேடயம் ஒன்று வந்தது, ஆனால் அதில் மீனே இல்லை!

அப்புறம், மீன்களுக்குப் பின்னால் மெல்லிய கிடைக்கோடுகள் இருக்கின்றன. செதுக்கும்போது சின்னத்தின் நிறங்களைக் கோடு, புள்ளிகளால் காட்டுவதுண்டு: கிடைக்கோடு நீலம், குத்துக்கோடு சிவப்பு, புள்ளி தங்கம் என்பார்கள். இது அதுதானா, உளி பட்ட தடமா? டச்சுச் சின்னப் பதிவேடுகளில் தேடிப் பழகியவர்கள் வழி சொல்லுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படங்கள் இருக்கின்றன, கேட்டால் அனுப்புகிறேன்.