பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு என் பூனைக்குப் போதுமா?

செல்லூர்க்காரன்:
எங்கள் வீட்டுச் செவலைக்கு ஒன்றரை வயசு, கடுவன், கருத்தடை ஆபரேஷன் முடிந்தது, எடை 4 கிலோ. டிரை ஃபுட் பாக்கெட்டில் 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 60 கிராம் என்று போட்டிருக்கிறது, அதன்படிதான் காலையில் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர் வைக்கிறேன். ஆனாலும் விடியற்காலை நாலரைக்கே காலைப் பிராண்டிக் கத்துகிறது. "வாயில்லா ஜீவனை அளந்து போட்டுப் பட்டினி போடாதேடா" என்று அம்மா திட்டிவிட்டு, நெத்திலிக் குழம்பை ஊற்றிச் சோறு பிசைந்து வைக்கிறார்கள், அதை மூக்குமுட்டத் தின்கிறது. நிஜமாகவே அந்த 60 கிராம் போதாதா?

திருநகர் அக்கா:
தம்பி, முதலில் அந்தக் குழம்பை நிறுத்தச் சொல்லுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும், குழம்பில் கரைந்திருந்தாலும் அப்படித்தான்.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். 4 கிலோ பூனை சும்மா படுத்திருந்தாலே நாளைக்கு 200 கலோரி வரை வேண்டும், கருத்தடை செய்த வீட்டுப் பூனைக்கு 240 பக்கம் கணக்குப் போடுவார்கள். உங்கள் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 370 கலோரி என்று இருந்தால் 60 கிராமில் 222 வந்துவிடுகிறது, அது குறைச்சல் இல்லை. ஆனால் அது ஆரம்ப அளவுதான், பூனைக்குப் பூனை கூடும் குறையும். விலாவைத் தடவிப் பாருங்கள்: எலும்பு கையில் லேசாகத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது.

வயிறு நிறைவது வேறு, சத்து சேர்வது வேறு. பூனைக்கு டாரின் என்ற சத்து கட்டாயம் வேண்டும், அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது, சோற்றில் கிடையாது. அது குறைந்தால் இதயம் வீங்கித் தளர்ந்துபோகும் என்று 1987-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள், அப்போது கடையில் விற்ற சில உணவுகளிலேயே டாரின் போதாமல் இருந்தது, அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் கூட்டிப் போட ஆரம்பித்தன. அதனால் பாக்கெட்டில் 'முழுமையான, சமச்சீர் உணவு' என்று இருக்கிறதா, பெரிய பூனைக்கா குட்டிக்கா என்று பாருங்கள். அப்புறம் ஒன்று, டம்ளரை எடை போட்டுப் பார்த்தீர்களா?

கூடல்நகர் பூனைவீடு:
அக்கா சொன்னதெல்லாம் சரி, தண்ணீரையும் கவனியுங்கள். டிரை ஃபுட்டில் ஈரம் 10 சதவீதம்தான், வெட் ஃபுட்டில் 75க்கு மேல் இருக்கும், பூனையோ தானாகத் தேடிப் போய்க் குடிக்கிற ஜாதி இல்லை. போன சித்திரை வெயிலில் என் கடுவன் மண்தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கியது, ஒரு சொட்டுதான் வந்தது, நான் மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு பகல் முழுக்க விட்டுவிட்டேன். மூத்திரப்பாதை அடைப்பு. டியூப் போட்டுத்தான் எடுத்தார்கள். அன்று டாக்டர் இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கையை விட்டுப் போயிருக்கும் என்றார், இப்போதும் நினைத்தால் வயிறு கலங்குகிறது. இப்போது ஒரு வேளை வெட் ஃபுட், வீட்டில் மூன்று இடத்தில் தண்ணீர்க் கிண்ணம். ஆனால் வெட் ஃபுட் சேர்த்தால் அந்தக் கலோரிக்கு டிரை ஃபுட்டைக் குறைக்க வேண்டும்.

செல்லூர்க்காரன்:
அக்கா, கேக் செய்கிற தங்கச்சியிடம் தராசு வாங்கி வைத்துப் பார்த்தேன். என் டம்ளர் 22 கிராம்தான் பிடிக்கிறது. ரெண்டு டம்ளர் 44. இத்தனை நாளும் 60 என்று நினைத்துக்கொண்டு 163 கலோரிதான் போட்டிருக்கிறேன், பாவம், அது பசியில்தான் கத்தியிருக்கிறது. விலாவும் தடவியதுமே தட்டுப்படுகிறது. ஒரேயடியாக 60க்கு ஏற்றலாமா?

திருநகர் அக்கா:
தாராளமாக ஏற்றலாம், அதே உணவுதானே. மூன்று வேளையாகப் பிரித்து, கடைசி வேளையைத் தூங்கப் போகும்போது வையுங்கள், விடியற்காலைக் கத்தல் குறையும். ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துப் பாருங்கள். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை என்றால் உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த மீன் ரெண்டு துண்டு, முள் எடுத்து, எப்போதாவது கொடுக்கட்டும்.