குதிகாலில் பந்து தட்டிய டாக்டர்

நான் ஆறடிக்கு மேல். கால்பந்தில் மிட்ஃபீல்டில், அதாவது நடுக்களத்தில், ஆடிக்கொண்டிருந்தேன். பந்தை வாங்கி உடம்பைத் திருப்புவதற்குள் எதிரணிக்காரன் பறித்துக்கொண்டு போய்விடுவான். "உன் உயரத்துக்கு டிஃபன்ஸ்தான் சரி, பின்னால் போய் நில்" என்று கோச் சொன்ன வாரத்தில்தான் 1982 உலகக் கோப்பையின் பிரேசில் - இத்தாலி ஆட்டத்தை முதல்முறை முழுசாகப் பார்த்தேன். பிரேசில் நட்சத்திரம் ஜிகோவைப் பார்க்க உட்கார்ந்தவன், அதே அணியின் மிட்ஃபீல்டர் சாக்ரடீஸிடம் மாட்டிக்கொண்டேன்.

ஒல்லி உடம்பு, தாடி, 1.92 மீட்டர் உயரம். பாதம் மட்டும் அந்த உயரத்துக்குச் சின்னது. முதுகுப் பக்கம் ஆள் நெருங்கினால் திரும்பவே மாட்டார். குதிகாலால் ஒரு தட்டு, பந்து பின்னால் ஓடிவரும் கூட்டாளியிடம் போய்விடும். கைதட்டலுக்காகச் செய்த வித்தை என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெட்டை உடம்பு திரும்ப நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைக் குதிகால் மிச்சப்படுத்தியது. அவ்வளவுதான்.

12ஆவது நிமிடம். ஜிகோ இத்தாலி டிஃபென்டர் ஜென்டிலேயை ஒரு சுழற்சியில் கழற்றிவிட்டு, இடைவெளியில் பந்தைத் தள்ளுகிறார். வலப்பக்கம் ஓடிவந்த சாக்ரடீஸ், இத்தாலி கோலி ஸோஃபுக்கும் கம்பத்துக்கும் நடுவே கிடந்த சின்ன சந்தில் அடிக்கிறார். பந்து கோட்டைத் தொட்ட இடத்தில் வெள்ளைப் பொடி புகையாக எழும்பும். அந்தப் பொடியைப் பார்ப்பதற்காகவே எத்தனை தடவை பின்னுக்கு ஓட்டியிருப்பேன்! ஆட்டம் 3-2 என்று இத்தாலிக்குப் போனது இன்னும் வலிக்கிறது.

மறுநாளே சுவரில் சாக்பீஸால் கட்டம் போட்டு, அதற்கு முதுகைக் காட்டி நின்று தட்ட ஆரம்பித்தேன். முதல் சில வாரம் பந்து கணுக்காலில் பட்டுக் கண்ட பக்கம் ஓடியது. போகப்போகத்தான் பிடிபட்டது: சூட்சுமம் குதிகாலில் இல்லை, பந்து வந்து சேருமுன் தோளுக்கு மேல் பார்க்கும் ஒரு பார்வையில் இருக்கிறது. மறுபடி அவர் ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தால், தலை திரும்பிக்கொண்டே இருக்கிறது! நானும் மிட்ஃபீல்டிலேயே நிலைத்தேன்.

1986 உலகக் கோப்பையில் பிரான்ஸுக்கு எதிராக அவர் பெனால்டியைத் தவறவிட்டதைத் திமிர் என்பவர்களிடம் நான் சண்டைக்கே போவேன். ஓடிவராமல், நின்ற இடத்திலிருந்து அடிப்பதுதான் அவர் வழக்கம். ஐந்து நாள் முன்பு போலந்துக்கு எதிராக அதே மாதிரி அடித்தது கோல். பிரான்ஸ் கோலி பாட்ஸ் அன்று சரியான பக்கம் பாய்ந்தார்.

ஆட்டத்துக்கு வெளியேயும் அவர் தன் வழியில்தான் போனார். பொட்டாஃபோகோவில், ரிபெய்ராவ் பிரேட்டோ ஊர் அணியில், ஆடிக்கொண்டே மருத்துவம் படித்து முடித்தவர். பிறகு சாவ் பாவ்லோவின் கொரிந்தியன்ஸ் கிளப்பில், நாட்டில் ராணுவ ஆட்சி நடந்தபோதே, கிளப் விவகாரங்களை எல்லாரும் ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். நட்சத்திர வீரனுக்கும் உடுப்பு எடுத்துவைப்பவருக்கும் ஒரே ஓட்டு. அந்த அணிதான் 1982, 1983 இரண்டு வருடமும் சாவ் பாவ்லோ மாநிலக் கோப்பையை வென்றது.

2011 டிசம்பர் 4 அன்று அதிகாலை அவர் போய்ச் சேர்ந்தார், 57 வயதில். அன்றே பரம எதிரியான பால்மெய்ராஸ் அணியுடன் 0-0 என்று முடித்துக் கொரிந்தியன்ஸ் பிரேசில் சாம்பியன் ஆனது. ஆட்டம் தொடங்குமுன் வீரர்கள் நடுவட்டத்தில் முஷ்டியை உயர்த்தி நின்றார்கள். கோல் அடித்தால் அவர் நிற்பதும் அப்படித்தான்.